நண்பகலில் பூஜ்ஜியம், மாலையில் பத்து ரூபாய்: மின்சந்தை விலை சொல்லாத கணக்கு

புதுடெல்லி: 2025 மே 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் வெயில் ஏறிய சில மணி நேரங்களில், இந்தியாவின் உடனடி மின்சந்தையில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை பூஜ்ஜியமாகக் குறைந்தது. விற்க வந்தவர்கள் ஏராளம், வாங்குவோர் குறைவு. விடுமுறை நாள் என்பதால் ஆலைகளின் தேவை தணிந்திருந்தது. தென்மேற்குப் பருவமழையும் அந்த ஆண்டு வழக்கத்துக்கு முன்பாக, மே 24ஆம் தேதியே, கேரளத்தில் தொடங்கிவிட்டது. சூரியத் தகடுகளுக்கோ ஞாயிறும் திங்களும் ஒன்றுதான்.

அதற்கு முந்தைய மாதத்தின் மாலைப் பொழுதுகளில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஏப்ரலில் பல நாட்கள், சூரியன் மறைந்த பிறகான நேரங்களுக்கு, சந்தை விலை அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டு நின்றது.

ஒரே பொருள், ஒரே கம்பி வழியாக வருவது, நேரம் மாறினால் விலையற்றதாகவும் பத்து ரூபாயாகவும் விற்கிறது. இந்த இரண்டு விலைகளுக்கும் இடையிலான பள்ளத்தை யாரோ ஒருவர் காசு கொடுத்து நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் யார் என்பது சந்தை விலைப் பட்டியலில் இல்லை.

ஆண்டுச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மேடுபள்ளம் தெரியவும் தெரியாது. நாட்டின் மிகப் பெரிய மின்சந்தையான இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்சில், மறுநாள் தேவைக்காக வாங்கப்படும் மின்சாரத்தின் சராசரி விலை 2022-23ஆம் நிதியாண்டில் யூனிட்டுக்கு ரூ.5.94 ஆக இருந்தது. 2023-24இல் அது ரூ.5.24 ஆகவும், 2024-25இல் ரூ.4.47 ஆகவும் குறைந்தது. மின்சாரம் மலிந்துவிட்டது என்று இதிலிருந்து முடிவுக்கு வருவது எளிது. ஆனால் அது பாதி உண்மை. சந்தை விலை என்பது ஆற்றலின் விலை மட்டுமே. அந்த ஆற்றல் வேண்டிய நொடியில், நாட்டின் மின் தொகுப்பு குலையாமல் வந்து சேர்வதற்கு ஆகும் செலவு வேறொரு கணக்கில் எழுதப்படுகிறது. முதல் கணக்கு மெலிந்துவரும் அதே காலத்தில் இரண்டாவது கணக்கு கனத்து வருகிறது.

நூற்றில் ஏழு யூனிட்

இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி சந்தைக்கே வருவதில்லை. மாநில மின்வாரியங்களும் விநியோக நிறுவனங்களும் மின் நிலையங்களுடன் 25 ஆண்டுகள் வரை நீளும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டு, அவற்றின் வழியே தேவையைப் பூர்த்தி செய்துகொள்கின்றன. மின்சந்தைகளின் வழியாகக் கைமாறுவது நூறு யூனிட்டில் ஏறத்தாழ ஏழு யூனிட் மட்டுமே. ஆனாலும் ஒப்பந்த மின்சாரம் போதாத நேரத்தில் தேடப்படும் கடைசி யூனிட் இந்த ஏழுக்குள்தான் இருக்கிறது என்பதால், மின்வெட்டு வருமா வராதா என்பதைப் பல மாநிலங்களில் அதுவே தீர்மானிக்கிறது.

2008 ஜூன் 27ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்தச் சந்தையில் ஒரு நாள் என்பது 15 நிமிடங்கள் கொண்ட 96 துண்டுகள். வாங்குவோரும் விற்போரும் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக முதல் நாளே விலை குறிப்பிட்டு மூடிய ஏலத்தில் பங்கேற்கின்றனர். குறைந்த விலை கேட்கும் விற்பனையாளரிலிருந்து தொடங்கி, தேவை முழுவதும் நிறைவேறும் இடத்தில் நிற்கும் கடைசி விற்பனையாளரின் விலையே அனைவருக்கும் பொருந்தும். நான்கு ரூபாய்க்கு விற்கச் சம்மதித்தவருக்கும் எட்டு ரூபாய் கிடைக்கலாம். 2020 ஜூன் 1 முதல், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏலம் நடக்கும் உடனடிச் சந்தையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. மே 25 அன்று விலை பூஜ்ஜியமானது இந்த உடனடிச் சந்தையில்தான்.

இந்த ஏல முறைக்குள் சூரிய மின்சாரம் நுழைந்தபோதுதான் கணக்கு மாறியது. 2014இல் நாட்டின் சூரிய மின் உற்பத்தித் திறன் 3,000 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. 2025 ஜனவரியில் அது ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. வெயிலுக்கு எரிபொருள் செலவு இல்லை. எனவே பகல் ஏலத்தில் சூரிய மின்சாரம் எந்த விலைக்கும் இறங்கி வர முடியும். விலை உயர்ந்த நிலக்கரி நிலையங்கள் பகல் ஏலத்தில் பின்னுக்குத் தள்ளப்பட, நண்பகல் விலை சரிகிறது. மாலை நான்கு மணி தொடங்கி ஏழு மணிக்குள் அந்தச் சூரிய மின்சாரம் முழுவதும் மறைந்துவிடும். வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் இயங்கத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான்.

2024 மே 30ஆம் தேதி நாட்டின் மின் தேவை ஏறத்தாழ 2.5 லட்சம் மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டபோது, அது பிற்பகலில் நிகழ்ந்தது. பெரிய சிக்கலின்றி நிறைவேற்றப்பட்டது. 2025 கோடையில் 2.7 லட்சம் மெகாவாட் தேவைப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டது. முன்கூட்டியே வந்த மழையால் தேவை சுமார் 2.43 லட்சத்தோடு நின்றது. செய்திகளில் இடம்பெறுவது இந்த உச்ச எண்களே. ஆனால் மின் தொகுப்பை இயக்குவோரின் கவலை பிற்பகல் உச்சம் பற்றியதல்ல. அதைவிடக் குறைவான இரவுத் தேவை பற்றியது. அதனால்தான் இன்று திட்டமிடுவோர் ‘சூரிய நேரம்’, ‘சூரியனற்ற நேரம்’ என்று நாளை இரண்டாகப் பிரித்தே கணக்கிடுகின்றனர்.

நான்கு நொடிக்கு ஒரு கட்டளை

இரண்டாவது கணக்கின் பெயர் ‘துணைச் சேவைகள்’. ஒழுங்குமுறை ஆவணங்களைத் தமிழில் பெயர்க்கும்போது இந்தச் சொல் ஏதோ சில்லறை வேலையைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. உண்மையில், மின் தொகுப்பை அந்தந்த நொடியில் உயிரோடு வைத்திருப்பது இந்தச் சேவைகள்தாம்.

மின்சாரத்தைத் தொகுப்புக்குள் சேமித்து வைக்க முடியாது. எந்த நொடியிலும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இருக்கிறதா என்பதைக் காட்டும் நாடித்துடிப்பு அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ்; 49.90க்கும் 50.05க்கும் இடையில் இருந்தால் நலம். நுகர்வு கூடினால் துடிப்பு குறையும். உற்பத்தி கூடினால் ஏறும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் இருளில் மூழ்கி, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டதற்குப் பலவீனமாகியிருந்த மின்வழித்தடங்களோடு, சில மாநிலங்கள் தங்கள் ஒதுக்கீட்டைவிட அதிகமாக மின்சாரம் இழுத்ததும் காரணம். அப்போது தெற்கு மண்டலம் தனியாக இயங்கியதால் தமிழ்நாடு தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்வழித்தடம் மூலம் தெற்கும் இணைந்து, நாடு முழுவதும் ஒரே தொகுப்பானது. இப்போது ஓரிடத்தின் தடுமாற்றம் எல்லோருடையதும்தான்.

இதைத் தடுக்க மூன்று அடுக்குப் பாதுகாப்பு வைக்கப்பட்டுள்ளது. முதல் அடுக்கில், மின் நிலையங்களின் சுழலிகள் தாமாகவே சில நொடிகளில் வேகத்தைத் திருத்திக்கொள்கின்றன. இரண்டாவது அடுக்கில், தேசிய மின்பளு அனுப்பீட்டு மையத்தின் கணினி, தேர்ந்தெடுக்கப்பட்ட மின் நிலையங்களுக்கு நான்கு நொடிக்கு ஒருமுறை ‘கூட்டு’, ‘குறை’ என்று கட்டளை அனுப்புகிறது. மூன்றாவது அடுக்கில் உள்ள நிலையங்கள் 15 நிமிடங்களுக்குள் உற்பத்தியைத் தந்து, குறைந்தது ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, இந்த மூன்றாம் அடுக்கு மின்சாரம் 2023 ஜூன் முதல் சந்தை ஏலம் வழியாகவே வாங்கப்படுகிறது. இரண்டாம், மூன்றாம் அடுக்குப் பணிகளுக்குக் கட்டணம் உண்டு. முழுத்திறனில் இயங்கி விற்கக்கூடிய ஒரு நிலையத்தை, அவசரத்துக்காகச் சற்று அடக்கி வைத்திருப்பதற்கும் விலை உண்டு.

இந்தச் சேவையின் மதிப்பை நாடு ஒன்பது நிமிடங்கள் கண்ணால் பார்த்தது. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு 9 மணிக்கு விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் விடுத்த வேண்டுகோளை அடுத்து, 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை தேவை குறையும் என்று கணிக்கப்பட்டது. குறைந்ததோ 31,089 மெகாவாட். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தேவை சில நிமிடங்களில் மறைந்து, மீண்டும் சில நிமிடங்களில் திரும்பி வந்தது. நீர்மின் நிலையங்களை முதலில் உச்சத்துக்கு ஏற்றி, குறித்த நேரத்தில் மளமளவென்று இறக்கி, மீண்டும் ஏற்றிச் சமாளித்தனர். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையே ஊசலாடியது. ஆனால் தொகுப்பு விழவில்லை. இரண்டு நாள் முன்னறிவிப்புடன் அந்த ஒரு இரவில் செய்யப்பட்டதற்கு ஒப்பான ஏற்ற இறக்கத்தைச் சூரியன் இன்று ஒவ்வொரு மாலையும் எந்த விழாவுமின்றி நடத்திக்கொண்டிருக்கிறது.

உச்சவரம்பு மறைக்கும் பற்றாக்குறை

2021 அக்டோபரில் நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது மின்சந்தை விலை யூனிட்டுக்கு 20 ரூபாய் வரை சென்றது. 2022 மார்ச்சில் விலை மீண்டும் எகிறியதை அடுத்து, ஏப்ரல் தொடக்கத்தில் ஆணையம் 12 ரூபாய் என்ற உச்சவரம்பை விதித்தது. 2023 ஏப்ரல் முதல் அது 10 ரூபாயாக்கப்பட்டது. நுகர்வோரைக் காக்கும் நோக்கம் நியாயமானதே. இருப்பது நூறு யூனிட், கேட்பது நூற்றைம்பது யூனிட் என்ற நிலையில் விற்பவர் வைத்ததே விலையாக விட்டுவிட முடியாது.

ஆனால் உச்சவரம்பு விலையைத் தடுக்கிறதே தவிர, பற்றாக்குறையைத் தடுப்பதில்லை. 10 ரூபாய்க்குக் கிடைக்கும் மின்சாரம் விகிதப்படி பங்கிடப்படுகிறது. கேட்டது கிடைக்காத விநியோக நிறுவனத்தின் முன் இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, மின்வெட்டு. மற்றொன்று, அட்டவணையில் இல்லாத மின்சாரத்தைத் தொகுப்பிலிருந்து இழுத்துக்கொள்வது. இரண்டாவது வழியில் அதிர்வெண் சரியும். உடனே துணைச் சேவை நிலையங்களுக்குக் கட்டளை பறக்கும். ஆக, சந்தையில் பதிவாகாத அந்தப் பற்றாக்குறையின் விலை இப்போது துணைச் சேவைக் கணக்கில் பதிவாகிறது. வரம்பை மீறி இழுத்தவர் விலகல் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் சேரும் பொது நிதியிலிருந்தே துணைச் சேவைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. நிதி போதாவிட்டால், குறைபடும் தொகை மின்சாரம் பெறும் தரப்பினரிடமே பங்கிட்டு வசூலிக்கப்படும். அட்டவணைப்படி ஒழுங்காக நடந்துகொண்டவரும் இந்தப் பங்கில் தப்புவதில்லை.

விலை உயர்ந்த எரிவாயுவில் இயங்கும் நிலையங்களுக்கு 10 ரூபாய் கட்டுப்படியாகாது என்பதால், 2023 மார்ச்சில் அவற்றுக்கென உயர்விலைச் சந்தை ஒன்று தொடங்கப்பட்டது. விற்பவர்கள் வந்தார்கள், வாங்க வருவோர் மிகக் குறைவு. பத்து ரூபாய்க்கே தயங்கும் விநியோக நிறுவனம் அதைவிட உயர்ந்த விலையில் வாங்கி, ஆறேழு ரூபாய்க்கு வீடுகளுக்கு விற்க முன்வராது.

எனவே அரசு வேறு வழியை நாடியது. மின்சாரச் சட்டம் 2003இன் 11ஆவது பிரிவு, அசாதாரண சூழ்நிலைகளில் எந்த மின் நிலையத்தையும் இயங்குமாறு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 2022 மே மாதம் இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் மீது இது பயன்படுத்தப்பட்டு, பின்னர் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. 2024 மே, ஜூன் மாதங்களில் எரிவாயு நிலையங்கள் மீதும் பயன்படுத்தப்பட்டது. ஓர் ‘அசாதாரண சூழ்நிலை’ ஆண்டுதோறும் கோடையில் வருமானால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கத் தோன்றுகிறது. இந்த உத்தரவுகளால் விளக்குகள் அணையாமல் இருந்தன என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், இதற்கு ஆன செலவு சந்தையின் சராசரி விலையில் முழுமையாகத் தெரியவில்லை என்பதும் உண்மையே.

உபரியும் இலவசமல்ல

நண்பகலின் கதையும் இதேபோல்தான். விலை பூஜ்ஜியம் என்பதால் அந்த நேரத்தில் செலவில்லை என்று பொருளல்ல. ஒரு நிலக்கரி நிலையத்தைப் பகலில் அணைத்து மாலையில் ஏற்றிவிட முடியாது. கொதிகலன் மீண்டும் சூடாகப் பல மணி நேரமும் கூடுதல் எண்ணெயும் தேவை. மாலை அது வேண்டும் என்பதால், பகலில் யாருக்கும் தேவைப்படாவிட்டாலும் 55 சதவீதத் திறனில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த அளவை 40 சதவீதமாகக் குறைக்க மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதி வகுத்தது. குறைந்த திறனில் ஓடும்போது யூனிட்டுக்கு ஆகும் நிலக்கரி கூடும். இயந்திரத் தேய்மானமும் கூடும். மறுபுறம், ராஜஸ்தானில் மின்வழித்தடங்கள் முடிவதற்கு முன்பே எழுந்துவிட்ட சூரியப் பூங்காக்கள் நண்பகலில் உற்பத்தியைக் குறைக்குமாறு கட்டளை பெறுகின்றன.

ஸ்பெயினில் 2025 ஏப்ரல் 28 அன்று நடந்ததை இந்திய அதிகாரிகள் கூர்ந்து கவனித்திருப்பார்கள். அன்று நண்பகலில் அந்நாட்டு உற்பத்தியில் பாதிக்கும் மேல் சூரிய மின்சாரம். சந்தை விலை ஏறத்தாழ பூஜ்ஜியம். 12.33 மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருண்டன. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கப் போதிய ஏற்பாடு இல்லாமற்போனதே ஆய்வுகளில் முதன்மையாகப் பேசப்பட்டது. சூரிய மின்சாரத்தையே குற்றவாளியாக்குவது சரியல்ல. அதன் பின்னர் அங்கு எச்சரிக்கையாகக் கூடுதல் எரிவாயு நிலையங்கள் இயக்கப்பட்டன. தொகுப்பைத் தாங்கும் செலவும் உயர்ந்தது. சந்தை விலை மலிவாகவே இருக்க, மொத்தக் கட்டணம் மட்டும் ஏறியது.

இந்தியாவில் அந்தச் செலவு நுகர்வோரை அடையும் பாதை சற்று நீளமானது. விநியோக நிறுவனம் மின்சாரம் வாங்கும் செலவில் ஏற்படும் மாற்றங்களை மாதந்தோறும் கூடுதல் கட்டணமாகத் தானாகவே வசூலிக்க, 2022 டிசம்பரில் திருத்தப்பட்ட விதிகள் வழிசெய்கின்றன. பல மாநில அரசுகள் கட்டண உயர்வைத் தள்ளிப்போடுவதால், அச்செலவு நிறுவனத்தின் கடனாகத் தேங்குகிறது. தேங்கிய கடன் ஒருநாள் சந்தைக்கே திரும்பும்: மின் நிலையங்களுக்கான நிலுவை காரணமாக 2022 ஆகஸ்ட் மாதம் தமிழ்நாடு உள்ளிட்ட 13 மாநிலங்களின் 27 விநியோக நிறுவனங்கள் மின்சந்தையில் வாங்க விற்கத் தடை விதிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

இந்தப் பின்னணியில் 2025 ஜூலை 23 அன்று ஆணையம் பிறப்பித்த உத்தரவு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. மூன்று மின்சந்தைகளிலும் வரும் மறுநாள் ஏலக் கேட்புகளை ஒன்றுசேர்த்து ஒரே விலை காண வேண்டும். 2026 ஜனவரிக்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த நாளே இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் பங்கு ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. முதலீட்டாளருக்கு இது பெரிய செய்தி. மின் நுகர்வோருக்கு அவ்வளவு இல்லை. மறுநாள் சந்தையின் வணிகம் ஏறக்குறைய முழுவதும் ஏற்கெனவே ஒரே நிறுவனத்தில் நடப்பதால், மூன்றையும் இணைத்துக் காணும் விலை இன்றைய விலையிலிருந்து வெகுவாக வேறுபடக் காரணமில்லை. மாலைப் பற்றாக்குறை அப்படியே இருக்கும்.

விலையை உண்மையில் அசைக்கக்கூடியது மின்கலச் சேமிப்பு. நண்பகலில் வாங்கி மாலையில் விற்பவருக்குப் பூஜ்ஜியத்துக்கும் பத்து ரூபாய்க்கும் இடையிலான பள்ளமே இலாபம். நொடிக்குள் கட்டளைக்கு இணங்குவதால் துணைச் சேவையிலும் வருமானம் உண்டு. 2022இல் நடந்த ஏலத்தில் ஒரு மெகாவாட் சேமிப்புக்கு மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கப்பட்டது. 2025 ஏலங்களில் அது சுமார் 2 லட்சம் வரை இறங்கியது. 30,000 மெகாவாட் மணி அளவிலான சேமிப்புக்கு 5,400 கோடி ரூபாய் உதவி வழங்கவும் மத்திய அரசு 2025 ஜூனில் முடிவு செய்தது. எனினும் ஏலத்தில் குறைந்த விலை கேட்பது ஒன்று, அந்த விலைக்குள் கட்டி முடிப்பது வேறு. குறித்த காலத்தில் எத்தனை திட்டங்கள் இயங்கத் தொடங்குகின்றன என்பதே அடுத்த இரண்டு கோடைகளின் மாலை விலையைத் தீர்மானிக்கும்.

தேவையை மாலையிலிருந்து பகலுக்கு நகர்த்துவது இதைவிட மலிவான வழி. குஜராத் தன் விவசாயிகளுக்கான மின்சாரத்தை 2020 முதல் பகலுக்கு மாற்றத் தொடங்கியது. 2023இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரத்தில் கட்டணத்தைக் குறைந்தது 20 சதவீதம் குறைக்கவும், உச்ச நேரத்தில் உயர்த்தவும் சொல்கின்றன. 10 கிலோவாட்டுக்கு மேல் பயன்படுத்தும் வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் முதலும், விவசாயம் தவிர்த்த மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் முதலும் இது பொருந்த வேண்டும். ஆனால் நேரம் பார்த்துக் கட்டணம் போட, நேரம் பார்க்கத் தெரிந்த மீட்டர் வேண்டும். 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தும் திட்டம் இலக்கைவிட வெகுவாகப் பின்தங்கியுள்ளது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது, நண்பகலில் அரைத்த மாவையும் இரவு எட்டு மணிக்கு அரைத்த மாவையும் ஒன்றாகவே எண்ணும் பழைய மீட்டர்.